இரட்டை மடிப்பு

கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளி நில்லுங்க சார், வெளிச்சத்தை மறைக்கிறீங்க. ஆங், அப்படித்தான்.

வேனுக்கு ஒண்ணுமில்ல. பின் சக்கரத்துக்குப் போற பிரேக் பைப்பு துருப்பிடிச்சு ஓட்டை விழுந்துருக்கு, அம்புட்டுதான். மேல ஏறி வந்த பிறகு தெரிஞ்சதே பெரிய விசயம். போடிப் பக்கம் இறங்கும்போது தெரிஞ்சிருந்தா இந்நேரம் நாம பேசிக்கிட்டு இருக்க மாட்டோம். உங்க வீட்டம்மாவும் பிள்ளைகளும் அந்தக் கடையில டீயைக் குடிச்சிட்டு உக்காந்திருக்கட்டும். ஒரு மணி நேரம் ஆகும். கேட்டாங்கன்னா லேசா ஒழுகுது, சரி பண்றாங்கன்னு மட்டும் சொல்லுங்க. எதுக்குப் பயமுறுத்திக்கிட்டு.

என் பேரு வீரணன். இந்தா நிக்கிறது என் ஜீப்புதான். ஏலக்காய் மூட்டை ஏத்துறேன். முன்னாடி ஆள் ஏத்திக்கிட்டு இருந்தேன். இப்ப மூட்டைதான். மூட்டை பேசாது பாருங்க.

பின்னாடி பலகையில போல்ட்டுப் போட்டு மாட்டியிருக்கே, இதுக்குப் பேருதான் பிளேரிங் டூல். பிரேக் பைப்போட வாயை விரிச்சு மடிக்கிறது. பைப்பு வாய் மடிஞ்சு உக்காந்தாதான் நட்டு போட்டு முறுக்கும்போது ஆயில் ஒழுகாம நிக்கும். இந்த மலையில இது இருக்கிறது என்கிட்ட மட்டும்தான். ஜீப்புக்காரன் எல்லாரும் என்கிட்டதான் வருவாங்க. எங்க கத்துக்கிட்டேன்னா கேக்குறீங்க? யாரும் சொல்லித் தரல சார். எம் பொண்டாட்டியாலதான் கத்துக்கிட்டேன்னு சொல்லணும். அது ஒரு கதை. அலுத்துப் போச்சு, சொல்லிச் சொல்லி. இருந்தாலும் கேக்குறீங்க.

இந்தப் பைப்பைப் பிடிங்க. ஆடாமப் பிடிங்க. அறுக்கிறதுக்கு இந்தச் சின்னக் கட்டர்தான், சுத்திச் சுத்தி அறுக்கும். ரம்பத்தைப் போடவே கூடாது. வாய் கோணலாப் போயிரும், தூசியும் உள்ள இறங்கிரும். நான் மொதல்ல ரம்பத்துலதான் அறுத்தேன். அப்ப எனக்கு என்ன தெரியும்?

போன வருசம் ஆடி மாசம், ஏலக்காய் எடுப்பு ஆரம்பிக்கிற நேரம். எம் பொண்டாட்டி பேரு பவுன்தாய். எங்க தெருவுல காய் எடுக்கப் போற பொம்பளைங்களுக்கெல்லாம் அவதான் தலை. யாரு வர்றா, யாரு வரலை, எந்த எஸ்டேட்டு, எல்லாம் அவதான் பேசுவா. விடிய அவ ஒரு சத்தம் கொடுத்தா தெருவே தூக்குச்சட்டியோட வந்து நிக்கும். அம்புட்டுப் பேரும் என் ஜீப்புலதான் ஏறுவாங்க. கோடை பூரா வண்டி சும்மா நின்னதுல பின்னாடி பைப்பு துருவேறிப் போச்சு. இந்தா, உங்க வேன் மாதிரியேதான்.

போடியில பரீத் பாய் கடைன்னு ஒண்ணு இருக்கு, வண்டிச் சாமான் கடை. பழைய ஜீப்புக்கு அளவா வளைச்ச பைப்பு இப்ப வர்றதில்ல வீரணா, சுருள்ல வாங்கி நீயே வெட்டி வாய் மடிச்சுக்கன்னாரு. மடிக்கிறதுக்கு ரெண்டு டூல் எடுத்து மேசையில வச்சாரு. ஒண்ணு சின்னது. இன்னொண்ணு பெட்டியில, அதுல பொத்தான் பொத்தானா குட்டி அச்சுங்க. எது எதுக்கு பாய்னு கேட்டேன். "சின்னது ஃப்ரிட்ஜுக்காரங்க வாங்குறது, ஒரு மடிப்புதான் போடும். பிரேக்குக்கு ரெண்டு மடிப்பு வேணும். பைப்பு உள்ள திரும்பி தன்மேலேயே படியணும். பெட்டியில இருக்கிறதை எடுத்துக்க"ன்னாரு. கடைக்காரங்க எப்பவும் பெருசைத்தானே காட்டுவாங்க? சின்னதையே கொடுங்கன்னேன். "பிரேக்குக்குப்பா"ன்னாரு மறுபடியும். எனக்குத் தெரியும் பாய்னுட்டு வந்துட்டேன்.

இப்ப சொல்றேன், நீங்களும் கேட்டுக்கங்க. ஒத்தை மடிப்பு பிரேக்குக்கு ஆகாது. விரிச்ச இடத்துல தகடு மெலிசாயிரும். ஒவ்வொரு மிதிக்கும் அங்க அழுத்தம் போய் முட்டும். வண்டி ஆட்டத்துல அப்படியே கீறல் விடும். ஃப்ரிட்ஜுக்கு வர்ற செம்புப் பைப்பும் ஆகாது. இதெல்லாம் இப்ப சொல்றேன்.

அப்ப ஒத்தை மடிப்புதான் போட்டேன். நல்லாத்தான் பிடிச்சுது சார், பொய் சொல்லல. ஆவணி பூரா ஓடிச்சு. புரட்டாசியிலதான் பெடல் லேசா இறங்க ஆரம்பிச்சுது. ரெண்டு மிதி மிதிச்சா நிக்கும். எனக்குப் பழகிப்போச்சு. வளைவுக்கு முன்னாடியே ரெண்டு மிதி மிதிச்சு வச்சுக்குவேன். அதுலயும் ஒரு கை வேணும் சார், எல்லாரும் ஓட்ட முடியாது. பிரேக் ஆயில் பாட்டில் ஒண்ணு சீட்டுக்கு அடியில வச்சிருந்தேன். காலையில பொம்பளைங்க வர்றதுக்கு முன்னாடியே எந்திரிச்சுப் போய் ஊத்திருவேன். அவங்க முன்னாடி ஊத்துனா பயந்துருவாங்க பாருங்க. ஒரு நாள் பவுன்தாய் வாசல் தெளிக்க வந்தவ பாத்துட்டா. "என்னய்யா ஊத்துற?"ன்னா. "கிளச்சுக்கு"ன்னேன். பொம்பளைக்கு விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா காலங்காத்தால?

நட்டை எடுங்க. இந்தா, உங்க பழைய பைப்புல இருந்து கழட்டினது, நல்லாத்தான் இருக்கு. இதை மொதல்ல பைப்புல கோத்துக்கணும், வாய் எந்தப் பக்கம்னு பாத்துக் கோத்துக்கணும். மடிச்ச பிறகு நட்டு உள்ள போகாது. சிரிக்காதீங்க, நான் எத்தனை பைப்பு பாழாக்கியிருக்கேன் தெரியுமா. அருமையா மடிச்சு வச்சிருப்பேன், நட்டு தரையில கிடக்கும்.

ஒரு நாள் காலையில நல்ல மழை. வேலுத்தாய்னு ஒரு பொம்பள, பவுன்தாய்க்குக் கூட்டாளி, ரெண்டும் ஒரே பாத்தியில நின்னு காய் எடுக்கும். அது வரலைன்னு சொல்லிச்சு. மழையில மலை இறங்குறதுன்னாலே அதுக்கு நடுக்கம். பவுன்தாய் அது கையைப் பிடிச்சுக்கிட்டே என்கிட்ட வந்தா. "ஏய்யா, இவ பயப்படுறா. பிரேக்கெல்லாம் எப்படி இருக்கு?"ன்னா.

நான் என்ன சொல்ல? "புதுப் பைப்பு போட்ருக்கேன்ல"ன்னேன். புதுப் பைப்புதானே சார்? பொய்யா?

பவுன்தாய் திரும்பி, "கேட்டியாடி, புதுப் பைப்பாம். நான் கூட வர்றேன்ல, ஏறு"ன்னா. ஏறிருச்சு.

போறப்ப ஒண்ணுமில்ல. சாயங்காலம் இறங்கும்போது, கீழ இருந்து ஒரு பஸ்ஸு வருது, வளைவு. ரெண்டு மிதி மிதிச்சேன். மூணாவது மிதிக்குக் கால் நேரா பலகையில போய் முட்டுச்சு. பெடல்ல ஒண்ணுமே இல்ல. கியரை இறக்கி, கைப்பிரேக்கை இழுத்து, மலைப் பக்கமா ஒடிச்சு, மண்ணுல தேச்சு நிப்பாட்டுனேன். வண்டி ஓடையில சாஞ்சிருச்சு. அந்தப் பக்கம் பாத்தீங்கன்னா வெறும் பள்ளம், கீழ தென்னை மரம் புல்லு மாதிரி தெரியும். அந்தப் பக்கம் விடாம இந்தப் பக்கம் ஒடிச்சேனே, அதுக்கு ஒருத்தி வாயில இருந்து ஒரு நல்ல வார்த்தை வரல சார். ஒருத்தி கூட.

வேலுத்தாய் மட்டும் வெளிய போய் விழுந்துச்சு. தோள்பட்டை எலும்பு ஒடிஞ்சு, இடுப்புலயும் அடி. மத்தவங்களுக்கெல்லாம் சிராய்ப்பு. பஸ்ஸுக்காரங்களே ஏத்திக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரியில சேத்தாங்க.

பவுன்தாய் போகலை. நின்னா. சாஞ்ச வண்டிக்கு உள்ள இருந்த பாட்டில் உருண்டு ரோட்டுக்கு வந்துருச்சு, பிரேக் ஆயில் பாட்டில். மேல எழுதியிருக்கும்ல. அவ நாலாவது வரைக்கும் படிச்சவ. குனிஞ்சு எடுத்தா. படிச்சா. கொண்டாந்து என் கையில கொடுத்தா. அடுத்த பஸ்ஸுல ஏறிப் போயிட்டா. எனக்குப் புரியலை, அந்த நேரத்துல பாட்டிலா முக்கியம்? அடி பட்டுச்சான்னு என்னை ஒரு வார்த்தை கேக்கலாம்ல?

இப்ப இந்தக் கட்டைக்கு நடுவுல பைப்பை வைங்க. அளவான பள்ளத்துல வைக்கணும், ஒவ்வொரு பைப்புக்கும் ஒரு பள்ளம். இந்தத் தலையைத் திருப்புறேன் பாருங்க. மொத அச்சு சும்மா முட்டு. எம்புட்டு நீட்டி வைக்கணும்னு அதுவே சொல்லிரும். முட்டிருச்சா? இப்ப இறுக்குறேன். இது மூணாவது டூலு. மதுரைக்குப் போய் வாங்கினது.

ரெண்டாவது எதுன்னா, பாய் மொதல்ல சொன்னாரே, பெட்டி, அது. வண்டியைத் தூக்கி நிறுத்தின அன்னிக்கே போய் வாங்கிட்டேன். பாய் துணியால துடைச்சுக் கொடுத்தாரு. அதை வச்சுத்தான் ராத்திரி பகலா பழகினேன். வாசல்ல உக்காந்து வெட்டுறது, மடிக்கிறது, வெட்டுறது, மடிக்கிறது. அந்த டூலும் சரியில்ல சார். கட்டை பைப்பைக் கெட்டியாப் பிடிக்காது, அழுத்தும்போது வழுக்கும். வாய் ஒரு பக்கமா சரிஞ்சு மடியும். அப்படிச் சரிஞ்ச பைப்பைப் போடவே கூடாது.

ஒரு நாள் ஒண்ணு சரியா விழுந்துச்சு. வட்டமா, நடுவுல, கீறல் இல்லாம. அம்புட்டுச் சந்தோசம் எனக்கு. வேலுத்தாய் ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்திருந்துச்சு. பவுன்தாய் வேலை முடிச்சு தினம் அங்கதான். அதுக்குத் தலை சீவி விடுறது, குளிக்க ஊத்துறது, சோறு கொண்டு போறது. நானும் போகணும்ல? மனுசன்னு இருந்தா போய்ப் பாக்கணும்ல? போனேன். பழைய உடைஞ்ச பைப்பையும் கொண்டு போனேன், புதுசா மடிச்சதையும் கொண்டு போனேன்.

அது கட்டில்ல படுத்திருந்துச்சு. கையை நெஞ்சோட சேத்துக் கட்டியிருந்தாங்க. நான் பக்கத்துல உக்காந்து ரெண்டையும் காட்டினேன். "இந்தா பாரு தாயி, இது ஒத்தை மடிப்பு. இங்க கீறல் விட்ருக்கு பாத்தியா? இதுதான் காரணம். இது ரெட்டை மடிப்பு. தொட்டுப் பாரு, எம்புட்டு கனம்னு"ன்னேன். அது நல்ல கையால தொட்டுப் பாத்துச்சு. "நல்லா இருக்குண்ணே"ன்னுச்சு.

பவுன்தாய் அங்கதான் கஞ்சியை ஆத்திக்கிட்டு இருந்தா. சட்டியை அப்படியே வச்சிட்டுக் கொல்லைப் பக்கம் போயிட்டா. நான் கிளம்புற வரைக்கும் உள்ள வரலை. வேலுத்தாய்க்கே புரியுது, இவளுக்குப் புரியலை.

ஒரு சொட்டு பிரேக் ஆயில் விடுறேன், அச்சு வழுவழுன்னு இறங்கும். இப்பக் கைப்பிடியை இழுங்க. நீங்களே இழுங்க. ஒரே சீரா. பாத்தீங்களா, காளான் குடை மாதிரி வந்துருச்சு. இது மொத மடிப்பு. தலையைத் திருப்பி அடுத்த அச்சு. கூம்பு. இப்ப மறுபடி இழுங்க. அந்தக் குடை உள்பக்கமா தன்மேல மடிஞ்சு படியும். ரொம்ப இழுக்காதீங்க, போதும். நசுங்கிரும்.

கழட்டுறேன். இந்தா. வெளிச்சத்துல பாருங்க. சுத்தி ஒரே கனம், நடுவாந்திரமா இருக்கு, கீறல் இல்ல. இது போதும் சார். இது உங்க காலத்துக்கும் இருக்கும்.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங். வண்டி சாஞ்ச மறுநாள்ல இருந்தே பொம்பளைங்க ஜக்கையன் வண்டிக்கு மாறிட்டாங்க. ஜக்கையன் எங்க தெருக் கடைசியில இருக்கான், அவனும் ஜீப்புதான். மத்தவளுங்க போகட்டும், விடுங்க. எம் பொண்டாட்டியும் போனா. கட்டின புருசன் வண்டி வாசல்ல நிக்குது, அதைச் சுத்திக்கிட்டுப் போய் இன்னொருத்தன் வண்டியில ஏறுறா. ஊரு என்ன பேசும்? கேட்டேன். "ஏன்டி, வண்டி இல்லாமயா போச்சு நம்ம வீட்டுல?" தூக்குச்சட்டியை மூடிக்கிட்டே சொன்னா, "என்னை நம்பித்தான்யா அன்னிக்கு வேலுத்தாய் ஏறுனா." அம்புட்டுதான். நான் கேட்டதுக்கும் அவ சொன்னதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?

வீட்டுல ஒரு குறையும் இல்ல சார், அதையும் சொல்லணும். சோறு போடுவா. துணி துவைப்பா. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப பக்கத்துலயே உக்காந்திருந்தா. இந்த ஒண்ணுதான். வண்டி பேச்சை எடுத்தா எந்திரிச்சிருவா.

சரி, டூல்லதான் கோளாறுன்னு மதுரைக்குப் போனேன். கீழமாசி வீதிப் பக்கம் அலைஞ்சு இந்த டூலைப் பிடிச்சேன். என் ஜீப்புல முன்னாடி, பின்னாடி, ஒரு பைப்பு விடாம பூராத்தையும் அறுத்தெறிஞ்சிட்டு புதுசாப் போட்டேன். எல்லாம் ரெட்டை மடிப்பு. ஜீப்பு ஸ்டாண்டுல சொன்னாங்க, வீரணன் கையில மடிச்சது ஒழுகாதுன்னு. ஒவ்வொருத்தனா வர ஆரம்பிச்சான். கடைசியில ஜக்கையனும் வந்தான். வராம என்ன செய்வான்? அவன் பைப்பும் இத்துத்தான் போயிருந்துச்சு. போட்டுக் கொடுத்தேன். மனசுல ஒண்ணும் வச்சுக்கலை, சுத்தமாப் போட்டுக் கொடுத்தேன். ரெண்டு தடவை மடிச்சு, சரியில்லாததைத் தூக்கிப் போட்டுட்டு மூணாவதைப் போட்டேன்.

அவன் சொன்னான், மறுநாள் பவுன்தாய் ஏறும்போது கேட்டாளாம், புதுப் பைப்பு மினுங்குதே, யாரு போட்டதுன்னு. "உங்க வீட்டுக்காரருதான்க்கா"ன்னுருக்கான். "அப்பச் சரி"ன்னு ஏறி முன் சீட்டுல உக்காந்துக்கிட்டாளாம்.

கேட்டீங்களா? அப்பச் சரியாம். என் பைப்பை நம்புறா. அதே பைப்பு, அதே டூலு, அதே கை. ஆனா என் வண்டியில ஏறமாட்டா. இதுல என்ன நியாயம் இருக்கு, நீங்களே சொல்லுங்க.

வாங்க, மாட்டிரலாம். நட்டை மொதல்ல கையால முறுக்கணும். கையாலயே பாதி ஏறணும். ஸ்பேனரை எடுத்தவுடனே போட்டா மரை பிஞ்சிரும். ஆச்சு. இனி உள்ள இருக்கிற காத்தை வெளிய எடுக்கணும். நீங்க வேன்ல ஏறி உக்காந்து, நான் சொல்லும்போது பெடலை மிதிச்சுப் பிடிங்க. கதவு திறந்தே இருக்கட்டும், பேசிக்கிட்டே செய்யலாம். மிதிங்க. பிடிங்க. விடுங்க. மறுபடி மிதிங்க.

கடைசியா நடந்ததைச் சொல்லிர்றேன். காய் எடுப்பு முடியிற நேரம், தை மாசம். மூட்டை ஏத்திக்கிட்டு வர்றேன். அஞ்சு மணிதான் இருக்கும், ஆனா மேகம் இறங்கி ரோடே தெரியலை. எஸ்டேட்டு வாசல்ல பொம்பளைங்க நிக்கிறாங்க. ஜக்கையன் வரலை. அவன் மச்சான் வீட்டுல யாரோ செத்துத் துட்டியாம், போயிட்டான். குளிர்ல முக்காட்டைப் போட்டுக்கிட்டு வரிசையா நிக்கிறாங்க. நடுவுல வேலுத்தாய். அன்னிக்குத்தான் மொத நாள் வேலைக்கு வந்துச்சாம், கம்மியாக் காய் எடுத்தாலும் போதும்னு பவுன்தாய் கூட்டிட்டு வந்திருக்கா.

நான் நிப்பாட்டுனேன். மூட்டை நாலுதான், இடம் இருந்துச்சு. "ஏறுங்க"ன்னேன். ஒருத்தியும் அசையலை. எல்லாரும் பவுன்தாயைப் பாக்குறாங்க.

அவ என் பக்கமா வந்தா. கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. நான்தான் ஆரம்பிச்சேன். "பூராப் பைப்பும் மாத்திட்டேன். பழசு ஒண்ணுகூடக் கிடையாது. மதுரை டூல்ல மடிச்சது"ன்னேன்.

"வண்டியை நான் ஒண்ணும் கேக்கலையே"ன்னா.

"பெறகு என்ன?"

என்னைப் பாத்துக்கிட்டே நின்னா. நான் ஏதோ பேசணும்னு காத்துக்கிட்டு நிக்கிற மாதிரி இருந்துச்சு. பின்னால வேலுத்தாய் வேற பாத்துக்கிட்டு நிக்குது. நான் என்ன பேசுறது? செய்ய வேண்டியதெல்லாம்தான் செஞ்சாச்சே. சட்டுன்னு ஞாபகம் வந்துச்சு, டார்ச்சு லைட்டை எடுத்து நீட்டுனேன். "சந்தேகம்னா கீழ குனிஞ்சு அடிச்சுப் பாரு. எந்த மூட்டுலயாவது ஒரு சொட்டு ஈரம் இருந்தா என்னை என்னன்னு கேளு"ன்னேன்.

அவ டார்ச்சை வாங்கிக்கிட்டா. கீழ குனியலை. ரோட்டுப் பக்கம் அடிச்சா. "செக்போஸ்ட்டு வரைக்கும் நடந்தா பஸ்ஸு இருக்கும், வாங்கடி"ன்னா. வேலுத்தாயைக் கைத்தாங்கலாப் பிடிச்சுக்கிட்டு நடக்க ஆரம்பிச்சிட்டா.

மிதிங்க சார், நின்னுட்டீங்க. ஆங். பிடிங்க.

நான் என்ன செய்ய? அந்த இருட்டு மேகத்துக்குள்ள அவங்களை விட்டுட்டுப் போக முடியுமா? லைட்டைப் போட்டுக்கிட்டு மொத கியர்ல பின்னாலயே உருட்டிக்கிட்டு வந்தேன். முன்னால அவங்க நடக்குறாங்க, பின்னால நான். வேலுத்தாயால வேகமா நடக்க முடியலை, அது நிக்கும்போது எல்லாரும் நிப்பாங்க, நானும் நிப்பேன். மொத கியர்ல பிரேக்குக்கே வேலை இல்ல சார். அம்புட்டுத் தூரமும் நான் பெடலைத் தொடவே இல்ல.

செக்போஸ்ட்டுல பஸ்ஸு நின்னுச்சு. எல்லாரையும் ஏத்தி விட்டா. கடைசியா இவ. படியில ஒரு காலை வச்சவ, இறங்கித் திரும்பி வந்தா. சரி, வந்துட்டா, ஏறப் போறான்னு நினைச்சு மூட்டையைக்கூட நகத்தினேன். டார்ச்சை என்கிட்ட கொடுத்தா. என் கழுத்துல கிடந்த துண்டைக் காதை மூடி நல்லா இழுத்துக் கட்டிக்கன்னு கையால காமிச்சா.

"மேகம் இறங்கிருக்கு. மெதுவா இறங்குய்யா"ன்னா. போய் ஏறிட்டா.

அம்புட்டுப் பைப்பும் மாத்தி, மதுரை வரைக்கும் போய் டூல் வாங்கி, டார்ச்சைக் கையில கொடுத்துப் பாருன்னு சொன்ன பிறகும், மெதுவா இறங்குங்குறா. இன்னமும் என் பிரேக்கை அவ நம்பலை பாத்தீங்களா சார்?